நாற்பத்தொன்றாம் நம்பர்

காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு, கம்ப்யூட்டர் முழித்துக்கொள்வதற்குள் அவர் வந்து நிற்பார். நிற்பார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அங்கே வேலை பார்த்த இரண்டரை வருஷத்தில் என் மேஜைக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேஜை ஓரத்தை இரண்டு விரலால் தட்டிக்கொண்டே கேட்பார்.

"மேடம், நேத்து என் பேர்ல எத்தனை?"

"நாலு."

"சரிதான்."

அவ்வளவுதான், போய்விடுவார். சாப்பிட்டாச்சா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாச்சா, ஒரு பேச்சு கிடையாது. முதல் மாதம் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக வந்தது. என்னை நம்பாமல்தானே தினம் வந்து கேட்கிறார் என்று தோன்றிவிட்டது.

தென்காசியிலிருந்து குற்றாலம் வரை கேஸ் குழாய் பதிக்கிற காண்ட்ராக்ட் கம்பெனி அது. சிலிண்டர் தூக்காமல், தெருவுக்கு அடியில் மஞ்சள் குழாய் வழியாகவே வீட்டுக்கும் லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் அடுப்பு எரிய வைக்கிற வேலை. இரண்டு குழாய் சேருகிற இடத்தில் மேலே ஒரு உறையை மாட்டி, மெஷினிலிருந்து கரண்ட் கொடுத்து உருக்கி ஒட்டுவார்கள். அதைத்தான் ஜாயின்ட் என்பது. அதைக் கண்டவரும் போட்டுவிட முடியாது. பரீட்சை எழுதி, அதிகாரி முன்னால் ஒரு ஜாயின்ட் போட்டு, அவர் அதை அறுத்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் கார்டு தருவார்கள். கார்டில் ஒரு நம்பர், நம்பருக்குக் கீழே பார்கோடு. அந்தப் பார்கோடைக் காட்டினால்தான் மெஷின் வேலை செய்யும். எந்த நம்பர் போட்டது, எத்தனை மணிக்குப் போட்டது என்பதையெல்லாம் மெஷினே எழுதி வைத்துக்கொள்ளும். அதை எடுத்து ஃபைலில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு.

அவருடைய நம்பர் நாற்பத்தொன்று. சைட்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏலே, நாப்பத்தொண்ணு வாராரு, சிகரெட்டைக் கீழ போடு" என்பார்கள்.

கடையநல்லூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். சவுதியில் ரொம்ப வருஷம் குழாய் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மற்றவர்கள் கார்டை மெஷின் பைக்குள்ளேயே போட்டு வைத்திருப்பார்கள். இவர் சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்தி மூடியிருப்பார். ஒவ்வொரு ஜாயின்டுக்கும் ஊக்கைக் கழற்றி, கார்டை எடுத்து, மெஷினுக்குக் காட்டி, மறுபடி உள்ளே வைத்து ஊக்கைக் குத்துவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்றால் பத்துத் தடவையும் இதே கூத்து. "பொண்டாட்டி தாலியைக்கூட இப்படிப் பாதுகாக்க மாட்டாரு" என்று போர்மேன் கிண்டல் செய்வார்.

குழாயின் மேல்தோலைச் சுரண்டிவிட்டுத்தான் உறையை மாட்ட வேண்டும். சுரண்டாமல் உருக்கினால் ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. அவர் சுரண்டுவதைப் பார்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி, பென்சில் கோடு போட்டு, கோடு முழுக்க மறைகிற வரை சுரண்டுவார். சுரண்டின இடத்தில் யாரும் விரல் வைக்கக் கூடாது. ஒரு தடவை மேனேஜரே குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டார். இவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார். மேனேஜருக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது.

ஒட்டின பிறகு ஆறுகிற வரைக்கும் குழாய் அசையக் கூடாது. அந்த நேரத்தில் மற்றவர்கள் டீ குடிப்பார்கள், போனை நோண்டுவார்கள். இவர் குழி ஓரத்தில் காவல் நிற்பார். சும்மாவும் நிற்க மாட்டார். இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு, நடுவில் வாட்ச். ஒரு நாள் இலஞ்சிப் பக்கம் ஒரு ஆடு குழிக்குள் இறங்கிவிட்டது.

"ஏலே, ஆட்டைப் பிடிங்கலே! குழாயை மிதிச்சிரும்லே!"

ஆட்டைப் பிடித்து மேலே ஏற்றினார்கள். அது மிதித்ததா இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. இவர் அந்த ஜாயின்டை அறுத்து எறிந்துவிட்டுப் புதுசு போட்டார். ஆட்டுக்காரி, "என் ஆடு என்ன யானையாய்யா?" என்று தெருவே கூடும்படி சண்டைக்கு வந்தாள். ஃபைலில் நீக்கியதற்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. நான் "ஆடு" என்று டைப் செய்தேன். மேனேஜர் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்.

இன்னொரு நாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்தாள். குரலில் அழுகையும் கோபமும் கலந்து இருந்தது. "மேடம், எங்க வீட்டு ஆளு அங்கன ஆபீஸுக்கு வந்தாவளா? மக கல்யாணம் பேச செங்கோட்டைக்குப் போயிட்டிருக்கோம். தென்காசியில வேனை நிப்பாட்டச் சொல்லி இறங்கிப் போனாவ, ஆளக் காணும்." நான் ஒரு பையனை அனுப்பாமல் நானே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சைட் சைட்டாகத் தேடிப் போனேன். குற்றாலம் ரோட்டில் கரண்ட் கம்பம் நட ஜேசிபி வந்திருந்தது. அதற்கு முன்னால், வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாக மனுஷன் நிற்கிறார்.

"இங்கன என் லைன் போவுது. கையால தோண்டச் சொல்லுங்க மேடம். ஜேசிபியை எடுத்தா நான் குழிக்குள்ள படுத்துருவேன்."

கையால் தோண்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டில் பெண்ணின் அப்பா இல்லாமலேயே சர்பத் குடித்திருக்கிறார்கள். நல்லவேளை, அந்தச் சம்பந்தம் முறியவில்லை.

சைட்டில் அவரைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தம்பி சவுதியில் கேஸ் வெடித்துச் செத்துப்போனான், அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று. ஒரு நாள் மனசு கேட்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"யாரு சொன்னா? என் தம்பி சங்கரன்கோயில்ல செருப்புக் கடை வச்சிருக்கான்."

"அப்போ எதைப் பாத்துண்ணே இவ்வளவு பயம்? ஏதாவது வெடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"ஒண்ணையும் பாத்ததில்ல." மேஜையைத் தட்டினார். "பாக்கணுமா?"

ஆனாலும் எனக்கு அவர்மேல் இருந்த கடுப்பு குறையவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே கார்டு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர், வேலை நிறைய. யாராவது லீவில் போனால் போர்மேன் எனக்கு வாட்ஸ்அப்பில் தட்டுவார், நான் அந்த ஆளுடைய கார்டு போட்டோவை ஃபைலிலிருந்து எடுத்து அனுப்புவேன். மெஷினுக்குப் போட்டோவும் கார்டும் ஒன்றுதான். பன்னிரண்டாம் நம்பர் வடக்கே தன் ஊரில் அக்கா கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்த நாளில், இங்கே தென்காசியில் இரண்டு ஜாயின்ட் போட்டதாக என் ரெக்கார்டு சொல்லும். யாரும் வந்து கேட்டதில்லை. நாற்பத்தொன்று ஒருத்தர்தான் கேட்பார். அதனாலேயே இவர் நம்பரை போர்மேன் கேட்டதே இல்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் போர்மேன் கேட்டார்.

ஐந்தருவி போகிற ரோட்டில் லாட்ஜுகளுக்குப் போகும் லைன். கடைசி மூன்று ஜாயின்ட்தான் பாக்கி. அன்று பொழுது சாய்வதற்குள் குழியை மூடி சிமென்ட் போட்டுத் தராவிட்டால் ரோட்டில் உட்கார்ந்துவிடுவோம் என்று சிப்ஸ் கடைக்காரர்களும் பழக்கடைக்காரர்களும் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து சாரல். ஊருக்கெல்லாம் சந்தோஷம், எங்களுக்கு மட்டும் எமன். இவர் இரண்டு ஜாயின்டைத் தார்ப்பாய்க்குள் குனிந்துகொண்டே போட்டு முடித்தார். மூன்றாவதுக்குக் காற்று கிளம்பித் தார்ப்பாயைத் தூக்கிவிட்டது. உறைக்குள் ஒரு சொட்டு ஈரம் போனாலும் ஒட்டாது, நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் வரை குழியைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். சாரல் விடவில்லை. கடைசியில் போர்மேன், "சரி, கடைக்காரங்ககிட்ட நாளை வரைக்கும் டைம் வாங்கிட்டேன், நீங்க கெளம்புங்க" என்று பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். அப்புறம் எனக்குப் போன் போட்டார்.

"மேடம், நாப்பத்தொண்ணு கார்டு போட்டோ ஒண்ணு தட்டி விடுங்க. இன்னைக்கு இந்த லைனுக்கு மெஷின்ல அவரு நம்பர் மட்டும்தான் ஏத்தியிருக்கு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான்தான் போடப்போறேன். பதினஞ்சு வருஷமா குழாய்லதான் கெடக்கேன், கார்டு இல்லன்னா கை மறந்துருமா?"

போர்மேன் அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதித் தவறியவர். அது எனக்குத் தெரியும். அந்த மாதத்தோடு என் காண்ட்ராக்ட் முடிகிறது, போர்மேன் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால்தான் நீட்டிப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் பயத்தால் மட்டும் அனுப்பினேன் என்றால் பொய். இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன தனிக் கொம்பு என்ற நினைப்பும் இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒன்பது மணி.

"நேத்து என் பேர்ல எத்தனை?"

"மூணு."

"ரெண்டு."

"சிஸ்டத்துல மூணுன்னுதான் இருக்குண்ணே."

அவர் மேஜையைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். அப்புறம் வாசலில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

குழி மூடி, மேலே சிமென்ட் போட்டாகிவிட்டது. அதற்கும் மேலே ஒருத்தர் அடுப்பு வைத்து நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். இவர் போர்மேன் சட்டையைப் பிடித்திருக்கிறார். போர்மேன், "நீங்கதான் போட்டீங்க, மறந்துட்டீங்க, வயசாவுதுல்லா" என்று சிரித்திருக்கிறார். லைனில் காற்றடித்து டெஸ்ட் பார்த்தார்கள். காற்று இறங்காமல் நின்றது. அது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது, அவரைத் தவிர. "ஒட்டாத ஜாயின்டும் ஆறு மாசம் நிக்கும், ஒரு வருஷம்கூட நிக்கும். அப்புறம் ஒரு நாள் லாரி ஏறும்போது விடும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நாலு நாள் வேலைக்கு வந்தார், ஆனால் ஒரு ஜாயின்டும் போடவில்லை. மத்தியானம் ஆனால் ஐந்தருவி ரோட்டுக்குப் போய் அந்தச் சிப்ஸ் கடை முன்னால் நடப்பார். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிற கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போகும். கடைக்காரர் ஏதோ வேண்டுதலுக்கு நடக்கிற ஆள் என்று நினைத்து ஒரு நாள் இலவசமாக ஒரு பொட்டலம் சிப்ஸ் கொடுத்திருக்கிறார்.

ஐந்தாம் நாள் மேனேஜர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். இரண்டு நாளில் அந்த லைனில் கேஸ் விடுவதாக இருந்தது.

"இதை இன்னைக்கு முடிச்சுக்கலாங்க. அந்த ஜாயின்ட் யார் போட்டதுங்க?"

"அவருதான் சார்," என்றார் போர்மேன்.

"நான் இல்ல."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ரெக்கார்டு என்னங்க மேடம் சொல்லுது?"

நாற்பத்தொன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. ஜாயின்ட் ஆறுகிற வரைக்கும் குழியைப் பார்க்கிற அதே பார்வை. நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான்.

"ரெக்கார்டுல நாப்பத்தொண்ணு சார்."

"அப்போ இதுல தோண்டறதுக்கு ஒண்ணுமில்லைங்களே. சீசன் நேரத்துல ரோட்டை உடைச்சா எல்லாரும் நம்ம கழுத்தைப் பிடிப்பாங்க. போட்டவரே தப்பாப் போட்டேன்னு சொன்னாத்தான் ரூல்படி எடுக்கணும்..."

மேனேஜர் முடிக்கவில்லை. அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"நான்தான் போட்டேன் சார். சுரண்டாமப் போட்டேன். ஈரத்துல போட்டேன். தோண்டுங்க."

மேனேஜர், "சொன்னா கார்டு போயிரும்னு தெரியுங்களா?" என்றார்.

"தெரியும் சார். நாளன்னைக்கு கேஸ் விடுதாங்க."

அன்றைக்கே தோண்டினார்கள். சிப்ஸ் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கண்டபடி ஏசினார். சாரல் அப்போதும் விட்டபாடில்லை. ஜாயின்டை அறுத்து மேலே எடுத்து, நீளவாக்கில் பிளந்து, மேனேஜர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். உறை ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கமாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே குழாய் கடையில் வாங்கினபோது இருந்த பளபளப்போடு அப்படியே இருந்தது. ஒரு இடத்தில்கூடச் சுரண்டின தடம் இல்லை.

சாயங்காலம் அவர் கார்டை என் மேஜையில் வைத்தார். ரத்தான கார்டின் மூலையை வெட்டி ஃபைலில் வைக்க வேண்டும், அதுவும் என் வேலை. வெட்டினேன். ஐம்பத்து நாலு வயதில் கார்டு ரத்தான ஆளை எந்தக் கம்பெனியும் குழிக்குள் இறக்காது. மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் காண்ட்ராக்டை அடுத்த வாரமே நீட்டித்துக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் காலை ஒன்பது மணிக்கு என்னால் அந்த ஆபீசில் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிப்பேன், வாசலுக்குப் போவேன், வருவேன். வீட்டில் அடுப்பு முன்னால் நின்றால் மூக்கு தானாக உறிஞ்சும். ராத்திரி எழுந்து சிலிண்டர் வாயைத் திருகிப் பார்ப்பேன். வீட்டுக்காரர், "உனக்கு என்னட்டி ஆச்சு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். நாற்பது நாள் தாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "வாங்க மேடம்" என்று உள்ளே கூப்பிட்டுப் போனார். அவர் மனைவி சர்பத் கொண்டுவந்து வைத்தாள். நான் டம்ளரைத் தொடவில்லை. பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அண்ணே, போட்டோ நான்தான் அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"தெரியும் மேடம். கார்டு என் பைக்குள்ள கெடந்துச்சு. இன்னொண்ணு உங்க கம்ப்யூட்டர்ல. வேற எங்கன இருந்து வரும்?"

"நாளைக்கே மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துருதேன். உங்க கார்டைத் திருப்பித் தருவாங்க. என்னை மன்னிச்சிருங்கண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் போனார். கம்பியை இரண்டு விரலால் தட்டினார். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல் என்று நடந்தார். கார்டு திரும்பி வருகிற சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. என்மேல் கோபமும் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற ஆள் மாதிரி இருந்தார்.

"மேடம், என் நம்பரை நான் தினமும் வந்து கேட்டேன். அதனால அது ஒண்ணோட நின்னுது. கேக்காதவங்க இருக்காங்கள்லா, அவங்க நம்பர்ல எத்தனை?"

நான் எதிர்பார்த்து வந்த கேள்வி அதுவல்ல. கை தானாகச் சர்பத் டம்ளரை எடுத்தது.

"மூணு," என்றேன்.

அவர் நடப்பதை நிறுத்தினார். அவர் மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இல்லண்ணே. பதினொண்ணு."

"எல்லாத்துலயும் கேஸ் ஓடுதா?"

"ஓடுது."

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பித்தான்களைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு இறங்கினார். "சாப்பிட்டுட்டாவது போங்களேன்" என்று அவர் மனைவி பின்னாலேயே வந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"முதல்ல எது? எங்கன இருக்கு?"

"எங்க தெருவுலண்ணே," என்றேன்.